பையை யாரும் தொடாதீங்க

மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவனுக்குக் கண்ணைவிட எண்ணிக்கை முக்கியம். செம்புக் கம்பியை அச்சில் சுற்றிக்கொண்டே போகும்போது கை தானாக ஓடும். வாய் பக்கத்து ஆளோடு சண்டைகூடப் போடும். ஆனால் மண்டைக்குள் ஒரு மூலையில் எண் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். அறுபத்தெட்டு என்றால் அறுபத்தெட்டு. நாலைந்து குறைந்துபோனால் மோட்டார் சூடாகிப் புகையும், தோட்டத்துக்காரர் அதை வண்டியில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்து, முதலாளி முன்னால் நம் பரம்பரையையே விசாரிப்பார். பதினோரு வருஷத்தில் நான் ஒரு சுற்றுக்கூடத் தவறவிட்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இப்போது என்னால் முப்பதுக்கு மேல் எண்ண முடியாது. நடுவில் எங்கோ அறுந்துவிடுகிறது. முதன்முதலில் அது அறுந்த நாளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு வருஷம் முன்புதான் சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்து ஊசி மருந்து ஆரம்பித்திருந்தார்கள். சிங்காநல்லூரில் எங்கள் வாடகை வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மண்பானைத் தண்ணீரில் ஒரு எவர்சில்வர் டப்பா மிதக்கும், அதற்குள் மருந்து. விருந்தாளிகள் யாராவது பானைப் பக்கம் போனால் என் மனைவி ஓடிப்போய்க் குறுக்கே நின்றுகொள்வாள். விஷயம் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள், ஜாதகத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே, குடும்பத்தில் என்ன நோவு இருக்கிறது என்று நாலாவது வீட்டில் விசாரித்துவிடுவார்கள். அண்ணனுக்கு ஊசி போடுகிற சர்க்கரையாம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், வாசலோடு திரும்பிவிடுவார்கள். அதனால் ஊரிலும் சொல்லவில்லை, பட்டறையிலும் சொல்லவில்லை.

மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரம்மா கெட்டிக்காரர். முதல் நாளே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் தன் கையால் எழுதிக் கொடுத்தார். 'எனக்குச் சர்க்கரை நோய். ஊசி போட்டுக்கொள்கிறேன். மயங்கிக் கிடந்தால் என் வாயில் உடனே சர்க்கரையோ வெல்லமோ தடவவும். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும்.'

"இது எப்பவும் உங்க சட்டைப் பையில இருக்கோணுங்க," என்றார்.

பட்டறையில் சட்டைப் பை என்பது பொதுச்சொத்து. பீடிக்கும் தீப்பெட்டிக்கும் யார் வேண்டுமானாலும் யார் பையிலும் கைவிடுவோம், கேட்கிற வழக்கமே கிடையாது. அங்கே வைத்தால் ஒரே நாளில் ஊரறிந்துவிடும். எனவே அட்டையை என் ரெக்ஸின் பைக்குள் வைத்தேன். டிபன் பாக்ஸுக்கு மேலே, தினத்தாளில் பொதிந்த இரண்டு வெல்ல உருண்டையோடு. ஜிப்பை இழுத்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

அன்று காலை ஊசி போட்டு, இட்லி சாப்பிட்டு, பட்டறைக்குப் போய் வார்னிஷ் தொட்டிப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டி முடித்த காயிலை வார்னிஷில் முக்கி எடுக்கிற வேலை. வார்னிஷைக் கரைக்கிற தின்னரின் வாசம் சட்டையில் ஏறினால் இரண்டு துவைப்புக்குப் போகாது. பத்து மணி வாக்கில், முதலாளியின் மாமனார் இறந்துவிட்டார் என்று சேதி வந்தது. அன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் போட்டிருந்த சட்டையோடு முதலாளியின் வேனில் ஏறினோம்.

எழவு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்து தூக்குப் போசியில் காப்பி வந்தது. எனக்குத்தான் சர்க்கரை போட்டதைக் குடிக்கக் கூடாதே, வேண்டாம் என்றேன். டாக்டர் சொன்னதைக் கேட்கிற பிள்ளையாக அன்று ஒரு நாள் நடந்துகொண்டதுதான் மிச்சம். பன்னிரண்டு, பன்னிரண்டரை, ஒன்று. சொந்தக்காரர் யாரோ திருப்பூரிலிருந்து வர வேண்டுமாம், எடுப்பது தள்ளிக்கொண்டே போனது. பையில் மனைவி கட்டிக் கொடுத்த சோறு அப்படியே இருந்தது. எழவு வீட்டுக்கு வந்துவிட்டுக் குளிக்காமல் வாயில் எதுவும் வைப்பது எங்களில் கிடையாது. பட்டறை ஆட்களிடம் மட்டும் வயிறு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, எழவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதான் முறை என்பதால் வீட்டுக்காரர்கள் யாரிடமும் விடைபெறாமல், நான் மட்டும் பஸ் பிடித்துத் திரும்பினேன். வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு சாப்பிட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

காந்திபுரத்தில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. உதடு மரத்துப்போனது. உள்ளங்கையில் வேர்வை. பஸ்ஸின் போர்டில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஊசி போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், அப்போது வரும் என்று டாக்டரம்மா சொன்ன அத்தனை அறிகுறியும் வரிசையாக வந்து நின்றன. கை பையின் ஜிப்புக்குப் போனது. பாதி இழுத்தும்விட்டேன். அப்போது இரண்டு நினைப்பு வந்தது. ஒன்று, இன்னும் குளிக்கவில்லையே. இரண்டாவது, இந்தக் கூட்டத்தில் நம் ஊர்க்காரர்கள் யாராவது இருந்து, நடு பஸ் ஸ்டாண்டில் வெல்லத்தைக் கடித்துத் தின்கிறவனைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள். டவுன் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வீடு. ஜிப்பை மறுபடி மூடினேன். மற்றவர்களைப் பற்றி இனிமேல் எவ்வளவோ சொல்லப் போகிறேன். ஆனால் முதலில் அந்தப் பையை மூடியவன் நான்தான்.

நாலு எட்டு வைத்திருப்பேன். ஒரு தூண் ஓரத்தில் விழுந்தேன்.

இனி நான் சொல்வதில் பாதி என் காதில் விழுந்தது, மீதியைப் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது. எது எது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. அந்த மயக்கம் விளக்கை அணைத்த மாதிரி ஒரேயடியாக வருவதில்லை. போய்ப் போய் வருகிறது. சத்தம் கேட்கும், அர்த்தம் புரியும், நாக்கு மட்டும் வாய்க்குள் யாருடையதோ போலக் கிடக்கும். 'வெல்லம்' என்று சொல்ல முயன்றேன். அது ஒரு முனகலாக வந்தது.

"ஏனுங்க, ஏனுங்க," என்று ஒரு குரல் கூப்பிட்டது. "எந்திரிங்க. பஸ்ஸு திரும்பற எடமுங்க இது."

நான் எழுந்திருக்கவில்லை. செருப்புக் கால்கள் சேர ஆரம்பித்தன. வட்டமாக நின்றார்கள். ஒரு கஜ தூரம் விட்டு, அளந்து வைத்தது போல.

"வாசம் வருதுங்களா? நல்லாப் போட்டிருக்கறானாட்ட இருக்குது."

"மத்தியானத்துலயேங்களா?"

"எழவு கிழவுக்குப் போயிட்டு வந்திருப்பானுங்க. அங்கதான ஊத்திக் குடுப்பாங்க."

தின்னர் வாசத்தைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. குடிக்கவில்லை, நான் குடிக்கிற ஆளே இல்லை என்று கத்த நினைத்துக் கையை வீசினேன் போல. "அடிக்க வர்றானுங்க, தள்ளி நில்லுங்க," என்றார்கள். வட்டம் இன்னும் ஒரு அடி பெரிதானது. எனக்கு அழுகை வந்தது. அது முகத்தில் தெரிந்ததா என்று தெரியாது, வேர்வை அப்படி ஊற்றிக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே பஸ் ஸ்டாண்டில், அதற்கு ஆறு மாதம் முன்பு, ஒருவன் குப்புறக் கிடந்ததை நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போயிருக்கிறேன். குடித்திருக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அப்படி நினைத்துக்கொண்டால் நடையை நிறுத்த வேண்டியதில்லை, அவ்வளவுதான். தரையில் கிடந்தபோது அந்த ஆளின் முதுகு எனக்கு ஞாபகம் வந்தது. நீல நிறச் சட்டை. அவன் என்ன ஆனானோ.

அந்த வட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. புளியம்பட்டி பக்கம் தோட்டக்காரர். அத்தனை பேரில் அவர் ஒருத்தர்தான் வட்டத்தை விட்டு உள்ளே வந்தார். வந்து, குனிந்து, என் பையை எடுத்தார். என் உயிரே அந்தப் பையில் இருக்கிறது. எடுத்துவிட்டார், இப்போது திறக்கப் போகிறார், ஜிப்பை இழுக்கப் போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் பையைத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பைய யாரும் தொடாதீங்க," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "ஆளுக்குத் தெளிஞ்சதும் கேப்பாரு. ஒரு பொருளு கொறையக் கூடாது."

"சரியாச் சொன்னீங்க," என்றது கூட்டம். "காந்திபுரத்துல இப்புடி அசந்தா அடிச்சுட்டுப் போயிருவாங்க."

பையைக் காப்பாற்றிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரு நல்ல காரியம் நடந்துவிட்ட நிம்மதி. நான் அந்தப் பையைப் பார்த்துக் கையை நீட்டினேன். கை அரை அடி நகர்ந்து விழுந்தது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டார். குனிந்து, மிகவும் பிரியமாகச் சொன்னார்: "வெசனப்படாதீங்க சாமி. பை பத்திரமா இருக்குது. நான் இங்கயே இருக்கறனுங்க."

அதைவிடக் கொடுமையான ஆறுதலை நான் கேட்டதில்லை.

பத்தடி தூரத்தில் கரும்பு ஜூஸ் மிஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சக்கரத்தில் சலங்கை கட்டியிருப்பார்களே, அந்தச் சத்தம். நான் கிடந்த நேரம் முழுக்க அது ஒலித்துக்கொண்டே இருந்தது. கரும்பு உள்ளே போக, சலங்கை குலுங்க, சாறு இறங்க. உலகத்தில் எனக்குத் தேவையானது எல்லாம் அந்தச் சக்கரத்திலிருந்து ஒழுகிப் பாத்திரத்தில் விழுந்துகொண்டிருந்தது. நினைவு போய்விடாமல் இருக்கச் சக்கரத்தின் சுற்றை எண்ணினேன். காயில் கட்டுகிறவனுக்கு வேறு என்ன தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்தாறு வரை வந்ததும் அறுந்தது. மறுபடி ஒன்று. பதினாலில் அறுந்தது. அடுத்த முறை ஒன்பதில். எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, இது ஒன்றுக்கு வந்தால் நான் செத்துவிடுவேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

கல்லூரிப் பெண் ஒருத்தி, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமுங்களே," என்றாள். அந்தக் குரலை எனக்கு இன்றும் அடையாளம் தெரியும்.

"நீ போ கண்ணு," என்றார் ஒருவர். "போலீஸ் கேஸு ஆயிருச்சுன்னா உன்னத்தான் கூப்பிடுவாங்க. பெரியவங்கெல்லாம் இருக்கறமல்ல, பாத்துக்கறோம்."

அவள் சித்த நேரம் நின்றாள். பெரியவர்கள் எல்லாம் இருந்தார்கள். போய்விட்டாள்.

யாரோ சோடா உடைத்தார்கள். முகத்தில் அடித்தார்கள். வெறும் சோடா. கடைக்காரன் கையெட்டும் தூரத்தில் இனிப்பான ஆரஞ்சுக் கலர் பாட்டில் ஒரு பெட்டி நிறைய இருந்திருக்கும், அதில் ஒன்றை உடைத்து என் உதட்டில் ஊற்றியிருந்தால்கூடப் போதும். ஆனால் மயங்கினவனுக்குச் சோடா என்பதுதானே பழக்கம். ஒரு சொட்டு உதட்டில் பட்டது. நக்கிப் பார்த்தேன். இனிப்பில்லை. அந்த ஏமாற்றத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

பிறகு உடம்பு வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

"காக்கா வலிப்புங்க! இரும்பு குடுங்க, இரும்பு!"

ஒருவர் தன் சாவிக்கொத்தை என் கையில் திணித்து விரல்களை மூடினார். வீட்டுச் சாவி, பெரிய பூட்டுக்கானது, உள்ளங்கையில் குத்தியது. எல்லோரும் அமைதியாகக் காத்திருந்தார்கள், இரும்பு வேலை செய்யட்டும் என்று. அதற்குள் கண்டக்டரின் விசில் கேட்டது. சாவிக்காரரின் பஸ் போலிருக்கிறது. அவர் குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"மன்னிச்சுக்கங்க, ஊட்டுச் சாவிங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினார்.

எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது. மனைவியிடம் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் சிரித்துவிடுவேன், அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். ஆனால் அன்று, அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார் என்பதுதான் என்னை உடைத்துப்போட்டது. எவ்வளவு மரியாதை! பத்து நிமிஷமோ அரை மணி நேரமோ, என்னைச் சுற்றி நின்ற ஒருவர்கூட ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. குடிகாரன் என்று நம்பினவர்கள்கூட 'ங்க' போட்டுத்தான் பேசினார்கள். அத்தனை 'ங்க'வும் என் மேல் விழுந்துகொண்டிருந்தது, அந்தச் சாவியைத் திணித்த கையைத் தவிர ஒரு கையும் விழவில்லை. முதலில் வந்தவர்களின் பஸ் வந்துவிடும், அவர்கள் போவார்கள், புதிதாக வந்தவர்கள் "என்னங்க ஆச்சு?" என்று முதலிலிருந்து கேட்பார்கள், "குடிச்சிருக்காருங்க" என்று முதலிலிருந்து பதில் வரும். பெரியவர் மட்டும் போகவில்லை. புளியம்பட்டி பஸ் மூன்று போய்விட்டதாம். என் பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, வெயில் தூணைத் தாண்டித் தலையில் ஏறிய பிறகும், அசையாமல் நின்றிருக்கிறார்.

எண்ணிக்கை மூன்றில் அறுந்தது. அடுத்த முறை, சலங்கைச் சத்தமே நின்றுபோயிருந்தது.

அது நின்றதற்குக் காரணம், மிஷின்கார அம்மா சக்கரத்தை விட்டுவிட்டு எழுந்து வந்ததுதான். காப்பாற்ற வரவில்லை. சண்டைக்கு வந்தார்.

"ஏனுங்க, இப்புடிக் கடைய மறச்சு நின்னா எனக்கு எப்புடி ஏவாரம் ஆகும்? குடிகாரனச் சுத்தித் தேர்க்கூட்டமாட்ட நிக்கறீங்க. அக்கட்டால போங்க!"

வட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். உட்கார்ந்தார். புறங்கையை என் கழுத்தில் வைத்தார். கரும்புச் சாறு காய்ந்து பிசுபிசுத்த கை. விழுந்த பிறகு எனக்கு என்ன ஆனது என்று தொட்டுப் பார்த்த முதல் கை அதுதான்.

"குடிச்சவனுக்கு இப்புடிச் சில்லுனு வேர்க்காதுங்க," என்றார். "எங்கூட்டுக்காரருக்கு ஊசி போட்ட பொறகு இப்புடித்தான் ஆகும். சக்கரையக் கொண்டாங்க! இல்ல, வேண்டாம், சாறு இருக்குது." எழுந்து ஓடி ஒரு டம்ளரோடு வந்தார்.

"அம்மணி, மயங்கின ஆளுக்குக் குடிக்கக் குடுக்கக் கூடாதுங்க, பொறையேறிரும்," என்றார் பெரியவர். அவர் சொன்னதும் நியாயம்தான்.

"குடிக்கக் குடுக்கலீங்க, தடவறேன்." என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, விரலைச் சாற்றில் முக்கி என் கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்தார். மறுபடி முக்கினார், மறுபடி தேய்த்தார். நான் அந்த விரலைக் கடித்துவிட்டேனாம். "கடிங்க, கடிங்க, பரவால்ல," என்றாராம். எனக்கு அந்த இனிப்பு மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் எதுவும் இல்லை.

ஆட்டோக்காரன் முதலில் தயங்கினானாம். அந்த அம்மா போட்ட சத்தத்தில் வண்டியைக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தினான். அதன் பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், என்னைத் தூக்குவதற்கு எட்டுப் பத்துக் கைகள் நீண்டனவாம். ஒருத்தர் தொட்டுவிட்டால் எல்லோரும் தொடுவார்கள். அந்த ஒருத்தருக்காகத்தான் அத்தனை பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து மனைவியோடு போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். காலில் விழப் போனவளைத் தடுத்து, "நானும் உங்களத் திட்டறதுக்குத்தானுங்க வந்தேன்," என்றார். "மொதல்லயே பாத்தனுங்க கூட்டத்த. அத்தன பேரு நிக்கறாங்களே, ஆளுக்கு வேணும்கறது கெடைச்சிருக்கும்னு கரும்ப உட்டுட்டே இருந்துட்டேன்." அதை மறைக்காமல் சொன்னதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை இரண்டு மடங்கானது. அதற்குள் பட்டறையில் என் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டான். மூளைக்குச் சர்க்கரை போகாமல் ரொம்ப நேரம் கிடந்துவிட்டதால் சிலது திரும்பாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். காயில் கட்ட முடியவில்லை. கட்டி முடித்ததைத் துடைத்து அடுக்கும் வேலை கொடுத்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த அம்மாவைப் பற்றியல்ல. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நடந்ததைத்தான் இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

கண் விழித்தபோது கையில் ஊசி, மேலே பாட்டில். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நீளமான வார்டு. கட்டிலுக்குக் கட்டில் நோயாளியோடு நாலு பேர் என்று சந்தைபோல் ஜனம். என் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் பை. இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"முழிச்சுட்டீங்களா சாமி," என்று முகமெல்லாம் மலர்ந்தார். "உங்க ஊட்டுக்கு யாருக்குச் சொல்றதுன்னு தெரியலீங்க. தனியா உட்டுப்போட்டுப் போகவும் மனசு வல்ல. அதான் இருந்துட்டேன்." பையைக் கட்டிலில் வைத்தார். "எல்லாம் சரியா இருக்குதான்னு ஒருவாட்டி பாத்துக்கங்க. நான் தொறக்கவே இல்லீங்க. வேற ஆளுகளையும் தொறக்க உடலீங்க."

"இருக்கட்டுங்க," என்றேன். நாக்கு தடித்திருந்தது.

"அப்புடிச் சொல்லாதீங்க. நாளைக்கு ஒண்ணு கொறையுதுன்னு உங்க மனசுல வந்துறக் கூடாது. எம்பட கண்ணு முன்னால பாத்துருங்க, நான் நிம்மதியா ஊட்டுக்குப் போயிருவேன்."

எல்லாம் இருக்கிறது என்று திறக்காமலே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த மனிதர் ஒரு நல்ல காரியம் செய்த சந்தோஷத்தோடு கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். எனக்கு அப்போது அவர்மேல் அப்படியொரு ஆத்திரம். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு எனக்காக நின்ற மனிதர்மேல். தெரிந்துதான் ஜிப்பை இழுத்தேன்.

முதலில் வெல்லம். தினத்தாளைப் பிரித்து அவர் பார்க்கும்படி கட்டிலில் வைத்தேன். பிறகு அட்டையை எடுத்து அவரிடமே நீட்டினேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள். உதடு அசைந்துகொண்டே போனது. 'வெல்லமோ' என்ற இடத்தில் நின்று, கட்டிலில் இருந்த உருண்டைகளைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். கடைசி வரை படித்துவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

"ரெண்டு தடவ தோணுச்சுங்க," என்றார் கடைசியில். "தொறந்து பேரு, ஊரு ஏதாச்சும் இருக்குதான்னு பாக்கலாம்னு. நான் மட்டும் தனியா இருந்திருந்தாப் பாத்திருப்பனுங்க. அத்தன பேரு நின்னு பாத்துட்டிருந்தாங்க. கை வெச்சா என்ன நெனப்பாங்களோன்னு..." அட்டையை டிபன் பாக்ஸுக்கு மேலே, இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தார். வெல்லத்தைப் பொதிந்து அதன் பக்கத்தில் வைத்தார். ஜிப்பை இழுத்து மூடினார். "நான் தொறக்கவே இல்லீங்க," என்றார்.

அப்புறம் ஸ்டூலிலிருந்து எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் வரிசையில் இருந்தவர்களும் பார்த்தார்கள். யாருக்கு என்ன ஆனதோ என்று பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். யாரும் எழுந்து வரவில்லை.

என் ஊசி போடாத கை கட்டிலின் ஓரத்தில் இருந்தது. அவருடைய தோள் அதற்கு ஒரு முழம் கீழே. அந்தப் பையை முதலில் மூடியது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அட்டையைச் சட்டையில் வைக்கச் சொன்னார்கள், ஒளித்தவன் நான் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் தோளில் கையையாவது வைத்திருக்கலாம். நான் மேலே பாட்டிலில் சொட்டுச் சொட்டாக இறங்குவதை எண்ண ஆரம்பித்தேன். யாராவது அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று நினைத்தேன். வார்டில் அத்தனை பேர் இருந்தார்கள்.